வட்டத்துக்குப் பக்கம் கிடையாது

பழவேற்காட்டில் நான் பார்த்த அந்தப் புது வீச்சு வலை முதலில் ஏரியில் விழவில்லை, மணலில் விழுந்தது. பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் கரைமேட்டில் நின்று வீசினான். பக்கத்தில் அவனுடைய மாமன். வலை விழுந்த இடத்தில் ஈரமணலில் ஈயமணிகள் வரிசையாகப் பதிந்து, புள்ளி வைத்துவிட்டுக் கோடு இழுக்காமல் போன கோலம் போலக் கிடந்தன. கோலம் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் நன்றாக அகன்று, மறுபக்கம் ஒட்டிச் சுருங்கிப் பிறை போல இருந்தது. மாமன் வலையைத் தூக்கச் சொல்லவில்லை. புள்ளிகளைப் பார்த்தபடி அதைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்தார். வலையைக் கைக்குப் பொருத்தும் வேலை அந்த நடையில்தான் தொடங்கியது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

வீச்சு வலை பார்வைக்கு எளிய பொருள். உச்சியில் சில கண்களோடு தொடங்கி, கீழே இறங்க இறங்கக் கண்களைக் கூட்டிக்கொண்டே போய்ப் பாவாடை போல விரியும் கூம்பு. விளிம்பு முழுக்க ஈயமணி. விளிம்பை உட்புறமாக மடித்து இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். வெருண்டு ஓரத்துக்கு ஓடும் மீன் அந்த மடிக்குள் போய்ச் சேரும். உச்சியில் ஒரு கைக்கயிறு, அதன் நுனி இடது மணிக்கட்டில். இவ்வளவுதான். ஆனால் இதில் எந்த அளவும் எல்லோருக்கும் பொது இல்லை. நெடியவனுக்கு வலையின் இறக்கம் கூடலாம். குட்டையானவன் அதே வலையைப் பிடித்தால் விளிம்பு தரையில் புரளும், சுழற்ற இடம் கிடைக்காது. கயிறு குட்டையானால் வலை விரிந்து முடிவதற்குள் வெடுக்கென்று இழுத்துச் சுருக்கிவிடும். நீளம் மிஞ்சினால் காலடியில் சிக்கும். முழம் போட்டு அளப்பதும் வீசுகிறவனுடைய முழங்கையால்தான்.

ஈயத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. மூன்று மீட்டர் இறக்கமுள்ள வலை முழுதாக விரிந்தால் சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மணி, மணி ஒன்று 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஈயம் மட்டுமே நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்த எடைதான் வலையை வெளியே இழுத்து விரிக்கிறது. விழுந்ததும் தரைவரை கொண்டுபோகிறது. எடை கூடினால் வலை விரைந்து அமிழும், ஆனால் சுழற்றத் தோள் வேண்டும். எடை குறைந்தால் தோளுக்கு இதம், ஆனால் அமிழும் நேரத்தில் மடவை மீன் நழுவிவிடும். வீசுகிறவனுடைய தோளுக்கும் ஓடுகிற மீனின் வேகத்துக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கிராம் கணக்கில் தேடிப் பிடிக்க வேண்டும். விரிவு சற்றே குறைந்தாலும் இழப்பு பெரிது. மூன்று மீட்டர் ஆரத்தில் 28 சதுர மீட்டர் மூடுகிற வலை, இரண்டரை மீட்டர் ஆரத்துக்குச் சுருங்கினால் 20 சதுர மீட்டருக்கும் குறைவாகத்தான் மூடும். அரை மீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மீன் வெளியே நிற்கிறது!

பையன் தானே ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னான்.

“மாமா, இந்தப் பக்கம்தான் சுருங்குது. இங்க மட்டும் நாலு மணி கூடக் கட்டிப் பார்க்கலாமா?”

“எந்தப் பக்கம்டா? நாளைக்கு நீ இதை எடுத்துக் கையில போடும்போது இந்தப் பக்கம் எங்க வரும், சொல்லு. வட்டத்துக்குப் பக்கம் கிடையாது. சுருங்கினது உன் இடுப்பு.”

இந்தப் பதிலை நான் பல நாள் மனத்தில் வைத்துச் சுவைத்திருக்கிறேன். உலகின் இன்னொரு மூலையில் இதே கேள்விக்கு நேரெதிரான விடையைத் தேடி எடுத்திருக்கிறார்கள். கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டை டிரைவர். 2004இல் டெய்லர்மேட் நிறுவனம் வெளியிட்ட ஆர்7 குவாட் என்ற டிரைவரின் தலையில் திருகிக் கழற்றக்கூடிய நான்கு எடைகள் இருந்தன. வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து வலப்பக்கமாக வளைந்து போய்க்கொண்டே இருந்தால், கனமான எடையைத் தண்டுக்கு அருகே மாற்றித் திருகலாம். மட்டையின் முகம் சற்று எளிதாகத் திரும்பும், வளைவு குறையும். ஆட்டக்காரரின் வீச்சில் உள்ள கோணலை மட்டையே கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. அழகான சிந்தனைதான், குறை சொல்ல மாட்டேன். மட்டைக்கு முகம் உண்டு, முதுகு உண்டு, தண்டுப் பக்கம் உண்டு, நுனிப் பக்கம் உண்டு. அதனால் அங்கே அது முடியும். வலைக்கு அப்படி எதுவும் இல்லை. உயரம், பலம், ஆழம், காற்று ஆகியவற்றுக்கு வலை இணங்கிக் கொடுக்கும். கோணல் வீச்சுக்கு மட்டும் கொடுக்காது. இரண்டில் கண்டிப்பான கருவி வலைதான் என்பது என் தீர்ப்பு.

ஆகவே கோணலைச் சரிசெய்வது கையில் நடந்தது. மாமன் வலையைச் சுருட்டிப் பையன் மேல் தானே போட்டுக் காட்டினார். இடது முழங்கைமேல் ஒரு பங்கு, வலக்கையில் ஒரு பங்கு, விளிம்பின் ஓரிடம் பல்லிடுக்கில். முழங்கைமேல் கிடந்ததில் ஒரு பிடியை எடுத்து வலக்கைக்கு மாற்றினார். அவ்வளவுதான் மாற்றம். “கையால எறியாதே, இடுப்பைத் திருப்பு, கை தானா வரும்” என்றார். பல்லில் நூலைத்தான் கடிக்கச் சொன்னார், ஈயத்தை அல்ல. இதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பேன். ஈயம் நஞ்சு. தூண்டில்காரர்கள் விட்டுப்போன ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் இங்கிலாந்தில் 1987இல் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. பூநாரை வந்து மேயும் இந்த ஏரியிலும், சிறுவர்கள் வாயில் வலை கவ்வும் இந்தக் கரையிலும் அந்தக் கவனம் வேண்டும்.

அடுத்த வீச்சில் பிறை போய் முட்டை வடிவம் வந்தது. வட்டத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இப்போது குறை இடுப்பில் இல்லை, எடையில் இருந்தது. பையனுடைய தோளுக்கு அந்த வலை கனம். இங்கேதான் ஏரியை அறிந்த மூளை வேலை செய்கிறது. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆனால் பரப்புக்கு ஏற்ற ஆழம் கிடையாது, சராசரி ஒரு மீட்டர் அளவுதான். பெரும்பாலும் இடுப்பளவு நீரில் நின்றே வீசலாம். அந்த ஆழத்தில் வலை சற்று மெதுவாக அமிழ்ந்தாலும் மோசம் இல்லை. நன்றாக விரிவதுதான் முக்கியம். கனம் மிகுந்தால் சேற்றில் புதைந்து, இழுக்கும்போது சேற்றையும் சேர்த்துக் கொண்டுவரும். ஓட்டம் வலுத்த முகத்துவாரத்தில் வீசுகிறவருக்கு இதே கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே கனம் வேண்டும். பாடு முறையில் முறைவைத்து இடம் பிடித்துப் பலர் சேர்ந்து கட்டும் வலைகளில் ஒருவருடைய தோளுக்கு இத்தனை மதிப்பில்லை. வீச்சு வலை தனியாள் வலை. ஆளை அளந்துதான் அதை அமைக்க முடியும்.

மாமன் கத்தியை எடுத்தார். பதினைந்து மணிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு போய், அந்த மணியை மட்டும் கத்திமுனையால் நெம்பினார். ஈயம் மென்மையானது, வாய் திறந்துகொண்டது. கழன்ற இடத்துக்கு இருபுறமும் உள்ள மணிகளைச் சற்றே நகர்த்தி இடைவெளியைச் சமன் செய்தார். எந்தப் பக்கமும் மற்றப் பக்கத்தைவிடக் கனக்கவில்லை. சுற்றி முடித்தபோது பன்னிரண்டு மணிகள் கழன்றிருந்தன. கால் கிலோகூட இருக்காது.

மூன்றாவது வீச்சில் மணலில் விழுந்த புள்ளிக்கோலம் வட்டமாக இருந்தது. மாமன் இந்த முறையும் அதைச் சுற்றி நடந்தார், ஆனால் பார்வை புள்ளிகளில் இல்லை, பையன் முகத்தில் இருந்தது. கழற்றிய பன்னிரண்டு மணிகளையும் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினார். அடுத்த ஐப்பசிக்குள் பையன் தோள் திரண்டுவிடும், அப்போது திரும்பக் கோக்கலாம் என்றார்.