சேற்றில் யார் கால்? பண்ணைக் கல்வி குறித்துச் சில குறிப்புகள்

சென்னையில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பள்ளியிலிருந்து ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். ‘வயல் அனுபவ நாள்’ என்று பெயர். தொப்பி, மாற்று உடை, தண்ணீர் பாட்டில், கட்டணம் 1,200 ரூபாய். பள்ளி அனுப்பிய புகைப்படத்தை என் அம்மாவிடம் காட்டினாள். அம்மா தஞ்சைப் பக்கத்து வயல்களில் நாற்பது வருஷம் நடவு நட்டவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ ஆழமாவா நாத்த சொருவுறது? தூர் கட்டாதே கண்ணு” என்றார். அப்புறம், “கூலி எவ்ளோ குடுத்தானுவோ?”

“நாமதான் அப்பாயி குடுக்கணும்.”

அம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்தப் படத்தையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். நடுவில் பிள்ளைகள், கையில் நாற்று முடி, கேமராவை நோக்கிய முகங்கள். இடது ஓரத்தில் குனிந்த நான்கு முதுகுகள்: பண்ணையின் நடவுப் பெண்கள். கீழே பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த நால்வரின் பெயர் இல்லை. பிள்ளைகள் ஆழமாகச் சொருகிய நாற்றைப் பிடுங்கித் திரும்ப நட்டவர்களும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். ‘மண்ணைத் தொடுதல்’, ‘வேர்களுக்குத் திரும்புதல்’ எனும் சொல்லாடல் உழைத்த உடல்களை இப்படி ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. யாருடைய வேர்கள்? நிலத்தை வைத்திருந்தவருக்கும் அதில் குனிந்து நின்றவருக்கும் ஒரே வேரா? சேற்றுப்புண்ணோடு அடுத்த நாளும் இறங்கியாக வேண்டிய காலுக்குச் சேறு ஓர் ‘அனுபவம்’ அல்ல.

இதற்கொரு முன்கதை உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் ‘குலக்கல்வி’ என்றார்கள். அந்தப் பெயரே நின்றது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இத்தனையும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது கிராமப்புறப் பள்ளிகளில்தான் என்பதை அதிகம் பேசுவதில்லை. நகரத்துப் பிள்ளைக்கு அன்று மண் தேவைப்படவில்லை, முழுநேரப் பாடம் தேவைப்பட்டது. இன்று அதே நகரத்துப் பிள்ளைக்குத்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு மண்ணைத் தருகிறார்கள். வெளியேற வழியில்லாதவருக்கு விதியாக இருந்தது, சாயங்காலம் பஸ்ஸேறித் திரும்பிவிடுகிறவருக்குப் பாடத்திட்டமாகிறது. வேலை ஒன்றுதான். திரும்பிப் போகும் பஸ்தான் வித்தியாசம்.

பள்ளித் தோட்டம் என்றதும் பரவசப்படும் நண்பர்களுக்கு இன்னொன்று. நான் படித்த பள்ளியிலும் தோட்டம் இருந்தது. வாளி தூக்க வாத்தியார் விரல் நீட்டிக் கூப்பிடுவார், “நீ வா, நீ வா.” அந்த விரல் சேரிப் பையன்களைத் தாண்டிப் போனதாக நினைவில்லை. பூத்த ரோஜா தலைமையாசிரியர் மேஜைக்குப் போகும்.

அப்படியானால் தோட்டமே வேண்டாமா? புத்தகம் மேலே, மண்வெட்டி கீழே எனும் படிநிலை சாதியின் படிநிலைதான். அதைக் காப்பாற்றுவது நம் வேலை அல்ல. காந்தியைக் குலக்கல்வியோடு சேர்த்துக் கட்டி அடிப்பது சுலபம், நானும் அடித்திருக்கிறேன். 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த திட்டத்தில் பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈட்டலாம் என்றிருந்தது. பிள்ளைகளின் உழைப்பில் பள்ளி நடத்துவதா என்ற ஆட்சேபம் நியாயமானது. என்றாலும் அங்கே உழைப்புக்கு ஒரு விலை பேசப்பட்டது. இன்றைய மாடித்தோட்டத் தக்காளிக்கு அதுகூட இல்லை. அது படமெடுக்கப்படுவதற்காகவே பழுக்கிறது.

காந்திக்கும் முன்னால், 1882இல் ஹண்டர் குழுவிடம் ஜோதிராவ் பூலே கொடுத்த மனுவில் ஆரம்பக் கல்வியோடு சிறு மாதிரிப் பண்ணைகளைக் கேட்டிருக்கிறார். கூடவே கேட்டது முக்கியம். ஆசிரியர்கள் கூடிய மட்டும் உழவர் குடியிலிருந்து வர வேண்டும். தேவைப்பட்டால் ஏர்க்கைப்பிடியைப் பிடிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். யார் கற்பிப்பது எனும் அதிகாரக் கேள்வியைப் பூலே பண்ணையோடு சேர்த்தே வைத்தார். நாம் பண்ணையை மட்டும் எடுத்துக்கொண்டோம். 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பத்து நாள் பையில்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவரிடம் பழகச் சொல்கிறது. அவர்களை வல்லுநர் என்கிறது. நல்லது. பதினோராவது நாள் அந்தத் தோட்டக்காரர் யார்?

பெற்றோர் கூட்டத்தில் இதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லிப் பார்த்தேன். நடவுப் பெண்களில் ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம், ஆசிரியருக்கான ஊதியமே தரலாம், நாற்றின் ஆழத்தோடு கூலிக் கணக்கையும் அவர் சொல்லட்டும். கூலி கேட்ட தகராறில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் நெல்லைப் பற்றிய பாடம்தான் என்றேன். “அதெல்லாம் பசங்களுக்கு ஹெவியா இருக்கும் சார். அவங்களுக்கு கிளாஸ் எடுக்கவும் தெரியாதே” என்றார் பொறுப்பாளர். கெட்ட மனிதர் அல்ல. உரம் தயாரிப்பது பற்றி அருமையாகப் பேசினார்.

மகளுக்கு நடவை ஒழுங்காகக் கற்றுத்தர ஊருக்குக் கூட்டிவரச் சொல்கிறார் அம்மா. ஆனால் அம்மா நட்ட அந்த வயலில் மூன்று போகமாக நடவு மெஷின்தான் இறங்குகிறது. கூட நட்டவர்களில் இரண்டு பேர் திருப்பூர் போய்விட்டார்கள்.