ஒப்பந்தத்தின் தலையில் கட்டிய மோர்ஸ்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கான உரிம விதிகளை அந்தந்த நாட்டு அரசே வகுக்கிறது. ஆனால் அவை சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகள் என்ற ஒப்பந்தத்தை மீறக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுதான் ஹாம் வானொலியின் தரத்தைக் காப்பாற்றியது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அலைவரிசைகளைப் பொறுத்தவரை ஒப்பந்தத்தின் பயனை மறுக்க முடியாது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஒலிபரப்பு நிலையங்கள் வைத்திருந்த 7100 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை, 2009 மார்ச் முதல் அமெச்சூர்களுக்கு விடுவிக்க முடிவெடுத்தது ஒன்றியத்தின் 2003 ஜெனீவா மாநாடு. தனியொரு நாட்டால் ஆகிற காரியமல்ல அது.

உரிமத் தேர்வின் கதை வேறு. அமெச்சூர் உரிமம் கேட்பவருக்கு மோர்ஸ் சங்கேதத்தைக் கையால் பிழையின்றி அனுப்பவும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் என்றது ஒழுங்குவிதிகளின் 25ஆம் பிரிவு. குறிப்பிட்ட எல்லைக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் மட்டும் இயங்குவோருக்கு நாடுகள் விலக்கு அளிக்கலாம் என்றும் இருந்தது. 1947இல் 1000 மெகாஹெர்ட்ஸாக இருந்த அந்த எல்லை, 1959இல் 144 ஆகி, 1979 மாநாட்டில் 30க்கு இறங்கியது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு அந்தப் பிரிவில் எங்குமே இல்லை.

வேகத்தை நிர்ணயித்தவை உள்நாட்டு அலுவலகங்களே. அமெரிக்காவில் ஜெனரல் உரிமத்துக்கு 13 சொல், எக்ஸ்ட்ராவுக்கு 20 சொல் என்று பல பத்தாண்டுகள் தேர்வு நடந்தது. 1990களில் மருத்துவச் சான்று தந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த இரண்டிலிருந்தும் விலக்கு கிடைத்தது. 5 சொல் தேர்வு மட்டும் ஒப்பந்தத்தின் பெயரால் நீடித்தது. 2000 ஏப்ரலில் மோர்ஸ் கேட்ட எல்லா நிலைகளுக்கும் 5 சொல் என்று குறைத்தபோதும் காரணம் அதேதான். ஒப்பந்தம் கேட்காத ஒரு எண்ணுக்கு ஒப்பந்தமே சாட்சியாக நின்றது! இதே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட ஜப்பானோ, மோர்ஸ் தேர்வே இல்லாத தொலைபேசி வகை உரிமத்துக்கு 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழும் இடம் கொடுத்துவந்தது. அதனால் வானம் இடிந்து விழவில்லை.

நாட்டின் கைகளைக் கட்டுவதைவிட, கைகட்டி நிற்க விரும்பும் அலுவலகத்துக்குச் சாக்காகவே ஒப்பந்தம் அதிகம் பயன்பட்டது. ஒழுங்குவிதியைத் திருத்தும் மாநாடு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூடும், அதன் நிகழ்ச்சிநிரலும் முந்தைய மாநாட்டிலேயே முடிவாகிவிடும் என்பதால் அந்தச் சாக்குக்கு ஆயுளும் நீண்டது.

2003 மாநாடு மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்ற முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டது. பிரிட்டன் அதே ஆண்டு ஜூலையில் தேர்வைக் கைவிட்டது. அமெரிக்காவோ 2007 பிப்ரவரி வரை இழுத்தடித்தது. தடுக்க ஒப்பந்தம் ஏதும் இல்லாமலேயே மூன்றரை ஆண்டுகள். இந்தியாவில் 2003க்குப் பிறகு திருத்தப்பட்ட விதிகளிலும் பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் மோர்ஸ் இடம்பெற்றது. அதற்கு ஜெனீவாவைக் கைகாட்ட வழியில்லை.