கல் ஊன்றிய கரிசல்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்கு வழிச் சாலையில் அருப்புக்கோட்டையை நெருங்கும்போது, சீமைக்கருவேலம் வெட்டிச் சுத்தம் செய்த புஞ்சைகள் கண்ணில் படும். அவற்றில் வர்ணம் அடித்த எல்லைக் கற்கள் வரிசையாக நிற்கும். முகப்பில் ஒரு வளைவு, வளைவின் மேல் 'நகர்' என்று முடியும் ஒரு பெயர். உள்ளே வீடு ஒன்றோ இரண்டோதான். திருச்சுழிச் சாலையிலும் பந்தல்குடிச் சாலையிலும் இதே காட்சி. "பிளாட் போட்டாச்சு" என்று சொல்கிறார்கள். முதலில் கல், பிறகு பத்திரம், பல வருஷம் கழித்து வீடு, எல்லாம் முடிந்தபின் குடிநீர்க் குழாயும் சாக்கடையும். வறண்ட சீமையில் நகரம் இந்த வரிசையில்தான் வளர்கிறது.

இதை நிலக் கொள்ளை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விற்கிறவர் யார் என்று பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடும். அதை நம்பிப் பருத்தியும் கம்பும் மல்லியும் விதைக்கும் மானாவாரி விவசாயிக்கு, தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்தால் கையில் எஞ்சுவது நிலமும் கடனும்தான். மகன் படிப்புக்கோ மகள் கல்யாணத்துக்கோ அவர் ஓர் ஏக்கரைக் கொடுப்பதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வாங்குகிறவரும் பெரும் பணக்காரர் இல்லை. நூற்பாலைத் தொழிலாளி, வளைகுடாவிலிருந்து திரும்பியவர், நெசவாளி. பழைய நெசவுத் தெருக்களில் வீட்டின் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் ஒருவர் வெளியேறித்தான் ஆக வேண்டும். அவருக்கு மாதத் தவணையில் மூன்று சென்ட் என்பது பெரிய விடுதலை.

இன்னொரு நன்மை பலருடைய கணக்கில் வருவதில்லை. அருப்புக்கோட்டை, சாதித் தெருக்களாகக் கட்டப்பட்ட ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரச் சீமையில் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்து வளர்ந்த ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும், அதை ஒட்டிய பாளையம்பட்டியும் உண்டு. உறவின்முறை என்ற சாதிச் சங்கம் கூடி, வியாபாரத்தின் மேல் மகமை என்ற பொதுநிதி பிரித்து, அந்தப் பணத்தில் கிணறும் சத்திரமும் பள்ளிக்கூடமும் உண்டாக்கினார்கள். நெசவாளர்களான சாலியரும் தேவாங்கரும் தங்கள் பங்குக்குப் பள்ளிகளை எழுப்பினார்கள். நகராட்சி செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை மகமை செய்தது. ஆனால் அந்தத் தெருவில் வெளி ஆளுக்கு மனை கிடைக்காது. தலித் குடும்பத்துக்கு நினைத்தே பார்க்க முடியாது. புதிய மனைப்பிரிவில், காகிதத்திலாவது, பணம் கட்டுகிற எவரும் வாங்கலாம். புரோக்கர் "நீங்க எந்த ஊர்ப் பக்கம்?" என்று கேட்கும்போது ஊரைத் தாண்டியும் ஏதோ விசாரிக்கிறார் என்பது உண்மை. ஆனாலும் பழைய தெருவில் அடைத்தே கிடந்த கதவு இங்கே பாதியாவது திறந்திருக்கிறது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பழைய தெரு அடைபட்டது, ஆனால் அதற்குப் பொதுக்காரியம் பார்க்க ஆள் இருந்தது. மனைப்பிரிவு திறந்தது, அதற்குப் பொதுவில் ஒருவரும் இல்லை. கல் நட்டு விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வாங்கியவர் ஒருவர் திருப்பூரில் இருப்பார், ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். ஒருவரை ஒருவர் பத்திர ஆபீசில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அடைமழை பெய்து மனையில் தண்ணீர் நின்றால், கையில் காசுள்ளவர் பத்து லோடு சரள் அடித்துத் தன் மனையை மட்டும் உயர்த்திக்கொள்வார். தண்ணீர் பக்கத்து மனைக்கு நகரும். அவரும் உயர்த்துவார். கடைசியில் மூழ்குவது, ஐந்து வருஷம் முன்னால் தரையோடு தரையாக முதல் வீட்டைக் கட்டிக் குடிவந்த ஏழைக் குடும்பம்.

அந்தத் தண்ணீர் அங்கே ஏன் நிற்கிறது? இந்தச் சீமையின் உயிர் கண்மாய்ச் சங்கிலியில் இருக்கிறது. மேட்டுக் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய் பெருகும். கடைசி மிச்சம் குண்டாற்றில் சேர்ந்து, திருச்சுழியைத் தொட்டுக் கமுதி வழியாகக் கடலுக்குப் போகும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் பல, பட்டா நிலத்தின் ஊடே ஓடுபவை. அகலம் ஒரு வண்டித்தடம் அளவுகூட இருக்காது. வருஷத்தில் சில நாள்தான் ஈரம். உழுகிற சம்சாரிக்கு அது தெரியும், தெரிந்து விட்டுக்கொடுப்பார். புலப்படத்தில் அது ஓடையாகக் குறிக்கப்படாமல் இருந்தால், மனைப்பிரிவு வரைபடம் போடுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன்மேல் முப்பதடிச் சாலை விழும், 14-ஆம் எண் மனை விழும். கண்மாயை ஒருவரும் ஆக்கிரமிக்கவில்லை, ஆனால் கண்மாய் பெருகாது. ஆக்கிரமிப்பு என்றாலே கண்மாய்க்குள் கட்டிய குடிசையைத்தான் நாம் தேடிப் போகிறோம். கண்மாயைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு மைல் தள்ளி, முறைப்படி பதிவான பத்திரத்தோடு நடக்கிறது.

மண்ணும் சும்மா விடாது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். செவலில் வானம் தோண்டுவதுபோல் இங்கே இரண்டடி தோண்டிச் சுவர் எழுப்பினால், மூன்றாம் வருஷம் நிலைப்படிக்கு மேல் விரிசல் ஓடும். ஆழமாகத் தூண் இறக்கிக் கம்பி கட்டினால்தான் நிற்கும். மலிவாய்க் கிடைத்த மனையின் பாக்கி விலையைத் தரைக்கு அடியில் கொட்ட வேண்டியிருக்கிறது. விளம்பரத் தட்டியில் இதை நான் பார்த்ததில்லை.

சட்டம் தலையிடாமல் இல்லை. முன்பெல்லாம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தே போதுமென்று விற்றார்கள். 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமற்ற மனைகளுக்குப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நல்ல அடி. ஆனால் அடி விழுந்தது, பத்து வருஷம் முன்னால் சீட்டுப் பணத்தில் வாங்கி வைத்திருந்தவர் மேலும்தான். 2017-இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்கு செய்துகொள்ள வழி கொடுத்தன. காகிதம் ஒழுங்கானது. சாலையும் வடிகாலும் காகிதத்தோடு வந்துவிடவில்லை.

2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு, சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொதுவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடையில் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம். அதற்குக் கீழே ஒன்றும் வேண்டாம். பெருநகரத்துக்கு இந்த அளவு பொருந்தலாம். துண்டு துண்டாகப் புஞ்சை கைமாறும் எங்கள் பக்கத்தில், ஒரு சிறுவர் விளையாடும் திடல்கூட மிஞ்சாமல் பத்து 'நகர்'கள் அடுத்தடுத்து முளைக்க இந்த விதி இடம் கொடுத்துவிடுகிறது.

2011 கணக்கெடுப்பில் அருப்புக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 87,722. இவ்வளவு பேருக்கே வைகையையும் தாமிரபரணியையும் நம்பித்தான் குடிநீர். நகராட்சி எல்லைக்கு வெளியே, வீடு வராத மனைகளைத் தாண்டித் தாண்டிக் குழாய் இழுக்கும் செலவை எந்த ஊராட்சி தாங்கும்? அதுவரை அங்கே குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் பெண்களுக்கு, மூன்று சென்ட் விடுதலையின் வட்டி தினமும் காலையில் கட்ட வேண்டியதாக இருக்கிறது.

மனை போடுவதை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திருச்சுழி போன்ற, இன்னும் ஊராட்சியாகவே இருக்கும் தாலுகா தலைநகரில், இது இப்போதே ஒழுங்குபட வேண்டும். அங்கீகாரம் கொடுப்பதற்கு முன், வரைபடத்தோடு அந்தப் பகுதிக் கண்மாயின் ஆயக்கட்டுக்காரர் இரண்டு பேரை நிலத்தில் நடக்க வைக்கட்டும். ஐப்பசி மழைக்கு அடுத்த நாள் நடந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று அவர்கள் காலால் காட்டுவார்கள். அந்த வழியில் கல் ஊன்றாமல் மற்ற இடத்தில் ஊன்றட்டும்.