ஏணியே தாழ்த்தும் ஆட்டம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பெருமை தந்தது அதன் ஆழம். வீரனுக்கும் அவ்வாறே, ஏறிய படியினும் உள்ளே நிறைந்த ஆற்றலே பெருமை தரும். 2006 இல் வெளிவந்த 'ஒப்லிவியன்' என்னும் கணினி விளையாட்டை இந்நோக்கில் ஆராய்வாம்.

அதில் வீரனுக்குரிய திறன்கள் 21. அவற்றுள் அவன் முதன்மையாகக் கொள்பவை 7. இவ்வேழும் கூட்டாகப் பத்து முறை உயர்ந்தபின், அவன் உறங்கி எழுங்கால் ஒரு படி ஏறுவான். அப்போது வலிமை, அறிவு முதலிய பண்புகளுள் மூன்றைப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு பண்பைச் சார்ந்த திறன்களிற் பத்து முறை தேறியிருப்பின் அப்பண்புக்கு 5 புள்ளிகள் கிடைக்கும். சிறிதும் தேறாவிடின் ஒன்றே.

பயிற்சிக்கேற்ற பயன் என்னும் இவ்விதி நேரியதே. ஆயினும் வீரன் படி ஏறுந்தோறும் பகைவரும் உடன் வலிமை பெறுகின்றனர். ஆதலின் மனம் விரும்பியவாறு ஆடியவன் உயர்ந்தும் மெலிகின்றான். தேர்ச்சிகளை எண்ணியெண்ணிப் பயின்றவனே வெல்கின்றான். நம் பரமபதத்தில் ஆடுவோனைத் தாழ்த்துவது பாம்பு. ஈண்டோ ஏணியே தாழ்த்துகின்றது.

2025 இல் வந்த புத்தாக்கப் பதிப்பு, படிதோறும் 12 புள்ளிகளை அளித்து, பண்புகளுக்குப் பகிரும் உரிமையை ஆடுவோனுக்கே தந்தது. இது தக்க திருத்தமே. பயிற்சிக்குப் பரிசளிக்கும் அமைப்பு, பயில்வோனைக் கணக்கனாக்குதல் தகாது.