புதுமைப்பித்தனின் நகைப்பும் நம் வாசகரின் கருத்து வேற்றுமையும்

தமிழ்ச் சிறுகதை ஆசிரியருள் தம் வாசகரை இருவேறு அணிகளாகப் பிரித்து நிறுத்தியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின், அவர் புதுமைப்பித்தனே ஆவார். 1943ஆம் ஆண்டில் வெளிவந்த 'காஞ்சனை' தொகுப்பின் முன்னுரைக்கு 'எச்சரிக்கை' என்று தலைப்பிட்ட அவர், தம் கதைகளின் தரம்பற்றி இரு கட்சியார் நின்று வாதாடுவதை அதில் கேலியாகவே குறிப்பிட்டார். உலகத்துக்கு உபதேசம் செய்வது தம் வேலையன்று என்றும் அறிவித்தார். 1948இல் அவர் மறைந்த பின்னரும் அவ்வழக்கு தீரவில்லை. அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906இல் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த அவர் தாங்கியிருந்த பெயர் நம் ஊரின் பெயர். ஆதலால் இவ்வழக்கை இங்கிருந்து ஆராய்வது பொருத்தமே என்று கருதுகிறோம்.

மாயமும் நகைச்சுவையும் கலந்த அவருடைய கதைகளே வாசகரை மிகுதியும் பிரித்தவை. 'காலனும் கிழவியும்' என்னும் கதையில் உயிரைக் கவர வந்த எமன் ஒரு நாட்டுப்புறக் கிழவியின் வாய்ச்சாதுரியத்துக்குமுன் தோற்றுத் திரும்புகிறான். 'சாப விமோசனம்' என்னும் கதையில், சீதையைத் தீக்குளிக்கச் செய்த செய்தி கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமாயணம் அறிந்தவர்க்கு இக்கதை பிடிக்காமற் போகலாம், அதனைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று ஆசிரியர் அதன் முகப்பிலேயே எழுதிவைத்தார். இவ்வரிசையில் தலைசிறந்தது 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்பதில் ஐயமில்லை.

அக்கதையைச் சுருங்கச் சொல்வோம். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலையில், திருவல்லிக்கேணிக்கு டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, நடந்தே போவதா என்று காசுக்கணக்குப் பார்த்து நிற்கிறார் கந்தசாமிப் பிள்ளை. வழி கேட்டு வருகிறார் கடவுள். இருவரும் காப்பி அருந்துகின்றனர். காப்பியில் கலந்த சிக்கரி யாருடைய லீலை என்பது அங்கு வாதப்பொருளாகிறது. பிள்ளையவர்கள் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுள் இருபத்தைந்து ரூபாய் கட்டி ஆயுள் சந்தாதாரர் ஆகிறார். பின் அவருடைய வீட்டில் விருந்தினராய்த் தங்கி, குழந்தை வள்ளியோடு விளையாடுகிறார். பிழைப்புக்காகத் தேவியுடன் கூத்தாட முயன்று, கலைப்புரவலர் ஒருவரால் புறக்கணிக்கப்படுகிறார். இறுதியில், மனிதருக்கு எட்ட நின்று வரம் கொடுக்கலாமேயன்றி அவர்களோடு கூட வாழ இயலாது என்று கூறி மறைகிறார்.

இக்கதையை நம் ஊரில் சபையாரும் பிறரும் கூடியிருந்த ஒரு சிறு வாசிப்புக் குழுவில் படித்தபோது மூன்று வகைக் கருத்துகள் எழுந்தன. இது தெய்வ நிந்தனை, அடியார் எம்மதத்தவராயினும் இதனை வாசித்துச் சிரித்தல் தகாது என்றனர் முதியோர் சிலர். கடவுட்கொள்கை மனித வாழ்வுக்கு உதவாது என்பதை இதைவிட இனிதாய் எவரும் நிறுவியதில்லை என்றனர் இளைஞர் சிலர். மூன்றாவது கருத்து ஓர் ஆசிரியையினுடையது: பிள்ளைமார் வீட்டுக் கூடத்துக்குக் கடவுள் வந்த கதையைக் கேட்டோம், சேரிக்கு அவர் வந்திருந்தால் இவ்வாசிரியர் எங்ஙனம் எழுதியிருப்பார்? மூன்றையும் ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதற்கருத்து பக்தியினின்று எழுந்தது. ஆயினும் பக்தி மரபையே அது மறந்துவிட்டது. நம் ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். இங்குப் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது சைவர் போற்றும் வரலாறு. இறைவனைத் தோழனாகக் கொண்டு, அவனிடம் பொன் கேட்டு, பிணங்கி, இரவில் தூதும் அனுப்பியவர் அவர். கடவுளோடு உரிமையாய்ப் பேசி நகைக்கும் வழக்கம் புதுமைப்பித்தன் புகுத்தியதன்று என்பது இதனால் விளங்கும். நம் திருமறையும் நகைப்புக்கு அஞ்சியதில்லை. சாராள் நகைத்தாள், வாக்குத்தத்தத்தின் மகனுக்கு நகைப்பு என்னும் பொருளுடைய பெயரே இடப்பட்டது. கர்மேல் மலையில் எலியா பாகாலின் தீர்க்கரைக் கேலி செய்தார். கோபித்து அமர்ந்த யோனாவுக்கு ஆமணக்குச் செடியையும் புழுவையும் கொண்டு பாடம் கற்பித்த ஆண்டவரின் செயலில் ஒரு மெல்லிய நகை ஒளிந்திருப்பதைக் கவனத்தோடு வாசிப்பவர் உணர்வர்.

நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையினின்று எடுத்த பொருளைத் தொழிலாளர் தட்டிப் பார்ப்பர். பழுதற்றது கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் கண்டது மங்கிய ஓசை தரும். கண்ணுக்குப் புலனாகாத விரிசல் காதுக்குப் புலனாகும். நல்ல நகைச்சுவை நம் சமயச் சொற்களை இவ்வாறே தட்டிப் பார்க்கிறது. 'எல்லாம் அவன் செயல்' என்று எளிதாய்ச் சொல்லிவிடும் நம் பழக்கத்தைச் சிக்கரிக் காப்பி ஒன்றே சோதித்துவிடுகிறது. மனிதன் செய்யும் கலப்படத்தைக் கடவுளின் லீலை என்று கூறித் தப்பிக்கலாகாது என்பது தீர்க்கதரிசிகளின் செய்தியுமன்றோ? தட்டியவன்மேல் சினங்கொள்வதைவிட, எழுந்த ஓசை எத்தகையது என்று கேட்பதே அறிவுடைமை.

இரண்டாவது கருத்தினர் கடவுளின் கடைசிப் பேச்சையே கதையின் முடிபாகக் கொள்கின்றனர். ஆனால் கதை அங்கு முடியவில்லை. கடவுள் மறைந்தபின் பிள்ளையவர்கள் பேரேட்டைப் புரட்டி, பழைய பரமசிவம் பிள்ளை என்று பெயர் எழுதி, சந்தாப் பணத்தை வரவு வைக்கிறார். தம் வீட்டுக்கு வந்த பரம்பொருளில் அவர் கணக்குக்கு எட்டியது இருபத்தைந்து ரூபாய் மட்டுமே. நகைப்புக்கு இலக்காவது கடவுளா, பேரேடா? அடுத்த கணமே குழந்தை ஓடிவந்து, தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்கிறது. வள்ளிக்கு அவர் சந்தாதாரரும் அல்லர், வரம் தரும் தெய்வமும் அல்லர். கூட விளையாடிய தாத்தா. கூட வாழ இயலாது என்று கடவுளும் பெரியவரும் செய்துகொண்ட முடிவை அக்கேள்வி ஓசையின்றி மறுத்துவிடுகிறது. வீட்டில் ஒருவரோடாவது அவர் வாழ்ந்திருக்கிறார். கதையின் உயிர்நிலை இக்கேள்வியே என்பது நம் துணிபு. அதனை விடுத்து இக்கதையை நாத்திகப் பிரசுரமாக்குவது, பக்தியின் பெயரால் அதனை ஒதுக்குவதற்கு ஒப்பான பிழையாகும்.

இறையியல் மாணவருக்கு இக்கதை முக்கியமாவதும் இவ்விடத்திலேதான். மேனாட்டில் தஸ்தயேவ்ஸ்கி 1880இல் நிறைவுசெய்த 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலிலும் இத்தகைய காட்சி உண்டு: மீண்டும் வந்த கிறிஸ்துவைத் திருச்சபைத் தலைவர் ஒருவரே சிறையிலிட்டு, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார். வார்த்தை மாம்சமாகி மனிதரிடையே வாசம்பண்ணிற்று என்று அறிக்கையிடும் நாம், எட்ட நிற்கும் கடவுளைப் பற்றிய இக்கதைக்கு எங்கள் ஆண்டவர் கூட வாழ்ந்தாரே என்று விரைந்து விடையளித்து வெற்றி கொண்டாடலாம். அது மலிவான வெற்றி. கூட வாழ வந்தவரை மனிதர் சிலுவையில் அறைந்தனர் என்பதும் அதே நற்செய்தியில் இருக்கிறது. காணிக்கைக் கணக்கும் சந்தாப் பட்டியலும் நம் ஆலயங்களிலும் இருக்கின்றன. இக்கதை தட்டுவது சைவப் பாத்திரத்தை மட்டுமன்று.

மூன்றாவது கருத்தே மிகக் கனமானது. 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' ஆகிய கதைகள் ஒடுக்கப்பட்ட மக்களை இழிவாகச் சித்திரிக்கின்றன என்ற எதிர்ப்பு எழுந்தமையால், 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பாடத்திட்டத்தினின்று நீக்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கொடுமையை எழுதிய இரக்கத்தை இகழ்வதா என்று ஒரு சாரார் வருந்தினர். இரக்கத்தின் பார்வையே மேலிருந்து விழுகிறது என்று மறு சாரார் வாதிட்டனர். தலித் நோக்கிலான திறனாய்வை வளர்த்த ராஜ் கௌதமன் இவ்வாசிரியரைப் பற்றித் தனிநூலே எழுதினார். சாதிக் கொடுமையினின்று விடுதலை தேடி வந்தவரின் மக்கள் திரளாய் உள்ள நம் சபைகளில் இவ்வினாவைப் புறந்தள்ளுதல் இயலாது.

நாம் காண்பது இது. தம் இனத்தாரை எழுதும்போது புதுமைப்பித்தன் கூடத்தில் அமர்ந்து எழுதுகிறார். அவர்களுடைய கஞ்சத்தனமும் அன்பும் பேச்சும் அவருக்குத் தெரியும். ஆதலால் உரிமையோடு நகைக்கிறார். தோட்டத் தொழிலாளியையும் நகரத்து ஏழைப் பெண்ணையும் எழுதும்போது அந்த உரிமை நகைப்பு குன்றி, சினமும் இரக்கமும் முன்னிற்கின்றன. அவை மெய்யானவையே. ஆயினும் அம்மாந்தர் கந்தசாமிப் பிள்ளையைப் போல் எதிர்வாதம் செய்து வெல்வதில்லை, துன்பப்படுகின்றனர், அவ்வளவே. தம் கதையில் கடவுளுக்குக் கூறிய குறையை ஆசிரியரும் அங்கே உடையவராகிறார்: எட்ட நின்று வரம் கொடுக்கிறார், கூட வாழ்ந்திலர். எமனை வாயடைக்கச் செய்த கிழவியைப் படைத்த கை, தோட்டத்துப் பெண்ணுக்கும் அத்தகைய நாவை அளித்திருக்கக் கூடாதா? ஆசிரியையின் வினாவுக்கு இதுவே நம் விடை. பாடத்திட்டத்தினின்று நீக்குவதைவிட, இக்குறையைக் காட்டிப் பயிற்றுவதே மாணவருக்குப் பயன் தரும் என்று எண்ணுகிறோம். ஆனால் வகுப்பில் அமர்ந்து அவமானம் உற்ற மாணவனின் சொல்லை முதலில் கேட்ட பின்னரே அவ்வாறு பயிற்ற வேண்டும்.

ஆதலின் அருளுரை ஆயத்தம் செய்வோருக்கு ஒன்று கூறி முடிக்கிறோம். சிக்கரிக் காப்பியை மட்டும் எடுத்துச் சபையாரைச் சிரிக்கவைத்து அமைந்துவிடாதீர்கள். கதையை முழுவதும் வாசியுங்கள். பேரேட்டையும் குழந்தையையும் விட்டுவிடாதீர்கள். அதன்பின், சேரிக்கு வந்திருந்தால் என்று கேட்ட அவ்வாசிரியையின் கேள்வியையும் பிரசங்க பீடத்தில் வையுங்கள். அதற்கு விடை கூறும் கடமை புதுமைப்பித்தனைவிடத் திருச்சபைக்கே மிகுதியும் உண்டு.