ஹாலுக்கு வந்த டிராயர் செஸ்ட்: ஏழு மாதங்களுக்குப் பிறகு

இரவு பத்தரைக்கு மேல் எங்கள் ஹால் படுக்கையறையாகிவிடும். சோபாவைச் சுவரோரம் தள்ளி, நடுவில் பாய் விரிப்போம். ஊரிலிருந்து யாராவது வந்திருந்தால் இரண்டு பாய். தலையணை, போர்வை, விரிப்பு எல்லாம் உள்ளறைப் பீரோவிலிருந்து வந்து, காலையில் திரும்பிப் போக வேண்டும். அந்த அறையில் அத்தை தூங்குவார். அவர் தூக்கம் கலையாமல் பீரோக் கதவைத் திறக்க இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

போரூரில், 740 சதுர அடியில், வாடகைக்கு இருக்கிற குடும்பம் நாங்கள். டிவிக்கு அடியில் ஒரு டிவி யூனிட் வைத்திருந்தோம். பார்க்க அழகு. அதன் இழுப்பறை உயரம் 10 சென்டிமீட்டர், ரிமோட்டும் ரசீதும் போடலாம். மடித்த போர்வை அதற்குள் போகாது. பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் ஒரே இடம் என்கிற வீட்டை மனதில் வைத்து யாரும் டிவி யூனிட் செய்வதில்லை. அதனால்தான் போன ஜூனில் அதைக் கொடுத்துவிட்டு, துணி வைக்கிற டிராயர் செஸ்ட் ஒன்றைப் பழைய சாமான் விற்பவரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கி டிவிக்குக் கீழே வைத்தேன். ஏழு மாதம் புழங்கிவிட்டேன். என் அனுபவத்தில் தேறியது எது, தேறாதது எது என்று சொல்கிறேன்.

பெட்டியின் அகலம் 120, உயரம் 78, ஆழம் 45 சென்டிமீட்டர். பக்கத்துக்கு மூன்றாக ஆறு இழுப்பறைகள். காலியாக 52 கிலோ. மேல்பலகையும் பக்கங்களும் பார்ட்டிகிள் போர்டு, மேலே வெள்ளை லேமினேட். ஒவ்வோர் இழுப்பறையின் உள்ளளவும் 52க்கு 38, உயரம் 17. அந்த 17 சென்டிமீட்டரில்தான் விஷயம் இருக்கிறது. நான்காக மடித்த இரண்டு விரிப்புகள், அவற்றின் மேல் ஒரு பருத்திப் போர்வை, மூடினால் இடிக்காமல் மூடுகிறது. இப்போது மேல் இரண்டு இழுப்பறையும் படுக்கைத் துணிக்கு. அத்தை அறைக்குள் இரவில் யாரும் போவதில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு எனக்குச் செரித்துவிட்டது.

டிவி உயரத்தைப் பற்றித்தான் வாங்குவதற்கு முன் அதிகம் கவலைப்பட்டேன். 78 சென்டிமீட்டர் மேடையில் டிவியை வைத்தால் கழுத்து வலிக்காதா என்று எல்லோரும் கேட்டார்கள். அளந்து பார்த்தேன். எங்களுடையது 43 அங்குல டிவி. திரையின் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர், கால் 7. ஆக, திரையின் நடு தரையிலிருந்து 112 சென்டிமீட்டரில் நிற்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் என் கண் 105இல். பழைய யூனிட்டில் திரையின் நடு 84இல் இருந்தது, அப்போது குனிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தோம், அதை நான் கவனிக்கவே இல்லை. சோபாவில் இருப்பவர்களுக்கும் நாற்காலியில் இருக்கும் அத்தைக்கும் இது நல்ல மாற்றம். தரையில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு ஆகாது. என் நான்கு வயது மகள் பாயில் உட்கார்ந்தால் அண்ணாந்துதான் பார்க்கிறாள். அவளுக்கு ஒரு முக்காலி போட்டிருக்கிறேன்.

செட்டாப் பாக்ஸை இழுப்பறைக்குள் வைக்கலாம் என்ற யோசனை இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. மூடிய பலகைக்குள் ரிமோட்டின் கதிர் போகாது. அதைவிட, சூடு வெளியே போக வழியில்லை. மாலையில் தொட்டுப் பார்த்தேன், பாக்ஸ் கொதித்தது. இப்போது அது டிவி பக்கத்தில் மேலேதான் இருக்கிறது. ஒயர்கள் வெளியே தெரிகின்றன. டிவி யூனிட்டில் பின்பக்கம் ஒயர் போக ஓட்டை இருக்கும், துணி அலமாரியில் அது இருக்காது. வேண்டுமென்றால் தச்சரிடம் சொல்லி ஹோல்சா போட்டுத் துளைத்துக்கொள்ளலாம். நான் துளைக்கவில்லை.

இனி, எடை. துணி அலமாரியை ஹாலுக்குக் கொண்டுவருகிற யாரும் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும், ஆனால் நான் யோசிக்கவில்லை. துணி நிரம்பிய இழுப்பறையை வெளியே எடுத்து எடை பார்த்தால் 7, 8 கிலோ வரும். ஹாலில் சேர்கிற சாமான் வேறு. கல்யாண ஆல்பங்கள், கட்டிவைத்த வார இதழ்கள், அத்தையின் ஆன்மிகப் புத்தகங்கள், டூல்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பழைய மிக்ஸி ஜார். ஆல்பம் வைத்திருந்த இழுப்பறை 22 கிலோ இருந்தது. கீழ் நான்கும் சராசரி 18 கிலோ. அடிப்பலகையோ 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு. இரண்டாவது மாதமே நடுவில் தொய்ந்து, கீழ் இழுப்பறையின் விளிம்பில் உரசத் தொடங்கியது.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் தச்சரை அழைத்துவந்தேன். ஓர் இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அக்கா, இது சட்டை வைக்கிற டிராயர். இதுல நீங்க லைப்ரரி வச்சிருக்கீங்க."

"அடியை மட்டும் மாத்தினா தாங்குமாண்ணே?"

"அடியும் மாத்தணும், சேனலும் மாத்தணும். இந்த வீல் சேனலுக்கு இவ்ளோ வெயிட் ஆகாது. பால் பேரிங் போட்டுத் தரேன்."

கீழ் நான்குக்கும் 6 மில்லிமீட்டர் பிளைவுட் அடி, டெலஸ்கோப்பிக் சேனல். பொருளும் கூலியும் சேர்த்து 3,200 ரூபாய். அதன் பிறகு தொய்வு இல்லை. இந்த வகைச் சேனல்கள் ஒரு ஜோடிக்கு 35 முதல் 45 கிலோ வரை தாங்கும் என்று குறிப்பிட்டே விற்கப்படுகின்றன. பழையதை வாங்கி ஹாலில் போடுகிறவர்கள் இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேனல் மாற்றியதில் ஒரு விளைவு உண்டு. பழைய சக்கரச் சேனலில் இழுப்பறை முரண்டு பிடிக்கும். புதியதில் குழந்தை ஒரு விரலால் இழுத்தாலும் முழுதாக வெளியே வந்துவிடும்.

செப்டம்பரில் ஒரு மாலை. நான் சமையலறையில் இருந்தேன். மேலே வைத்திருந்த ரிமோட்டை எடுக்க என் மகள் கீழ்வரிசை இரண்டையும் இழுத்தாள், அதற்கு மேல் வரிசை இரண்டையும் இழுத்தாள். படி கிடைத்துவிட்டது. அடி இழுப்பறைக்குள் கால் வைத்து ஏறினாள். "ஏம்மா, இங்க வா!" என்று அத்தை கத்திய குரலை அதுவரை அவர் தொண்டையிலிருந்து நான் கேட்டதில்லை. ஓடிவந்து பார்த்தபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கையாலும் டிவியையும் மேல்பலகையையும் சேர்த்துப் பிடித்திருந்தார். பெட்டியின் பின்பக்கம் தரையைவிட்டு எழும்பியிருந்தது. குழந்தையைத் தூக்கினேன். பெட்டி பின்னால் உட்கார்ந்தது. அத்தைக்கு வயது 68. அந்த மாலை அவர் உள்ளறையில் இருந்திருந்தால் என்பதை என்னால் இன்றும் முழுதாக யோசித்து முடிக்க முடியவில்லை.

கனமானதைக் கீழே வை என்பதுதான் எல்லோரும் சொல்வது, நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். மூடியிருக்கும்வரை அது சரி. நான்கு இழுப்பறையும் திறந்தால் 70 கிலோவுக்கு மேல் எடை பெட்டியின் முன்பக்க அடிவிளிம்பைத் தாண்டி வெளியே வந்து நிற்கிறது. பின்னால் பிடித்துவைக்க மிச்சம் இருப்பது காலிக் கூடும் கொஞ்சம் போர்வையும் ஒரு டிவியும். அதன் மேல் 15 கிலோக் குழந்தை இழுப்பறையின் முன்விளிம்பில் ஏறினால் தராசு சாய்ந்துவிடும். அலுவலகங்களில் இருக்கும் இரும்பு ஃபைல் கேபினெட்டில் ஓர் இழுப்பறை திறந்திருந்தால் அடுத்தது திறக்காதபடி பூட்டு வைத்திருப்பார்கள். அது இந்தக் கணக்குக்காகத்தான். வீட்டுப் பெட்டிகளில் அந்தப் பூட்டை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்க இருந்த விபத்து இல்லை. அமெரிக்காவில் இப்படிச் சாய்ந்த பெட்டிகளுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2016 ஜூனில் ஐகியா நிறுவனம் அங்கே சுமார் 2.9 கோடி டிராயர் செஸ்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது சுவரில் பொருத்தும் கருவியை இலவசமாகப் பெறலாம் என்றார்கள். பிள்ளைகளை இழந்த பெற்றோர் தொடர்ந்து போராடியதில், 2022 டிசம்பரில் ஸ்டர்டி சட்டம் வந்தது. துணி வைக்கும் பெட்டிகள் இழுப்பறைகள் திறந்த நிலையிலும், உள்ளே பாரம் இருக்கும் நிலையிலும், 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வரையுள்ள குழந்தை ஏறும் நிலையிலும் சாயாமல் நிற்க வேண்டும் என்பது 2023 செப்டம்பரிலிருந்து அங்கே கட்டாயம். சுமார் 68 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள பெட்டிகள் இதில் வரும். எங்களுடையது 78. கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்தச் சோதனையில் வைக்கும் பாரம் துணியின் எடையை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய சோதனையில் தேறிய பெட்டியை வாங்கினால்கூட, அதில் ஆல்பமும் புத்தகமும் நிரப்புகிறவர் சுவரில் பொருத்தித்தான் ஆக வேண்டும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். ஹால் தரையை நாங்கள் தினமும் ஈரத் துணியால் துடைக்கிறோம். பார்ட்டிகிள் போர்டின் அடிவிளிம்பு தண்ணீர் குடித்து, ஐப்பசி மழையில் ஒரு மூலை உப்பிவிட்டது. வாங்கிய அன்றே நான்கு மூலைக்கும் ரப்பர் புஷ் வைத்துத் தரையிலிருந்து தூக்கியிருக்க வேண்டும், இப்போதுதான் வைத்தேன். அந்துருண்டையை மறந்துவிடுங்கள். படுக்கையறையில் பழகிப்போன அந்த வாசனை, ஹாலில் விருந்தாளி முன்னால் இழுப்பறையைத் திறக்கும்போது மூக்கில் ஏறுகிறது. வேப்பிலையைக் காயவைத்துத் துணிப்பையில் கட்டிப் போட்டிருக்கிறேன். நவராத்திரிக்கு டிவியை இறக்கிவிட்டு இதன் மேல்பலகையையே மேல்படியாக வைத்தோம், முன்னால் இரண்டு பலகைப் படி. கொலுவுக்கு 45 சென்டிமீட்டர் ஆழம் தாராளம்.

இரும்புப் பீரோவையும் ஒரு மாதம் ஹாலில் வைத்துப் பார்த்தேன். வேண்டாம். ஆறரை அடி உயரம் ஜன்னல் வெளிச்சத்தைப் பாதி மறைக்கிறது. நகையும் பத்திரமும் எங்கே இருக்கின்றன என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அத்தைக்கும் தன் பீரோ தன் கண்ணெதிரே இல்லாதது பிடிக்கவில்லை, அது நியாயம்தான். பெட்டி வைத்த திவான் கட்டில் நல்ல தேர்வு. தலையணைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒன்றை எடுக்க மேலே உட்கார்ந்திருப்பவரை எழுப்ப வேண்டும். தினமும் எடுக்கிற சாமானுக்கு இழுப்பறைதான் சரி.

செப்டம்பர் மாலைக்கு மறுநாளே, பெட்டியைச் சுவரில் பொருத்த அனுமதி கேட்டு வீட்டு உரிமையாளருக்குப் போன் செய்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கீழ்வீட்டில்தான் இருக்கிறார், மேலே வந்தார். வேண்டாம்மா, சுவர் வீணாகிடும், டிவியை வேற எதுலயாவது வையுங்களேன் என்றார். நான் டிவியைப் பிடித்துக்கொண்டேன். "சார், கீழ நாலையும் திறங்க" என்றேன். திறந்தார். "இப்ப முன்னாடி விளிம்புல லேசா கை வைங்க." வைத்தார். பெட்டி பின்னால் எழும்பியது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அறை வாசலில் நின்று என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை ஓட்டை போடணும்?"

"எல் ஆங்கிளுக்கு ரெண்டு சார்."

"நாலா போட்டுக்குங்க. சாயங்காலம் டிரில்லிங் மெஷினோட நானே வரேன், அந்தச் சுவர்ல எங்க செங்கல், எங்க கான்கிரீட்னு எனக்குத்தான் தெரியும்."