முழங்காலுக்குக் கீழே ஓர் அகலம்

பெல்பாட்டம் என்றதும் பலருக்குச் சிரிப்பு வருகிறது. எழுபதுகளின் படமொன்றில் கதாநாயகன் கால்சட்டையின் அகன்ற விளிம்பால் தரையைப் பெருக்கியபடி நடந்து வந்தால் இன்றைய இளைஞர்கள் கேலி செய்கிறார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. யாரோ ஒரு வடிவமைப்பாளர் வரைந்து தந்து பரவிய உடை அல்ல அது; உடுத்தியவர்களே ஊசியும் நூலும் எடுத்துத் தமக்கேற்றபடி மாற்றிக்கொண்டது. அதன் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. அந்த வேலை உடுத்தியவர் கையைவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் அது சீரழிந்தது.

தொடக்கம் கப்பல் தளத்தில். 1813-இல் கடற்படைத் தளபதி ஸ்டீபன் டெக்கேட்டரின் அமெரிக்கப் போர்க்கப்பல்களைப் பற்றிய குறிப்பொன்றில் மாலுமிகளின் அடி அகன்ற நீலக் கால்சட்டை இடம்பெறுகிறது. தளத்தைக் கழுவும்போது முழங்கால்வரை சுருட்டிவிடலாம், கடலில் விழுந்தால் காலணியோடு சேர்த்து உருவி எறியலாம் என்று காரணம் சொல்வார்கள். முதலாவதை நம்பலாம், இரண்டாவது பின்னால் சேர்ந்த கதையாகவே எனக்குப் படுகிறது. அதைவிட முக்கியமானது, அக்கால மாலுமிகளில் பலர் துணியை வாங்கித் தம் உடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பது. கப்பற்பாயைத் தைத்துப் பழகிய கைகளுக்குக் கால்சட்டை பெரிய வேலையா?

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1960களில், ராணுவத்தின் மிச்சச் சரக்கை விற்கும் அமெரிக்கக் கடைகளில் அதே மாலுமிக் கால்சட்டை மலிவாகக் கிடைத்தது. வாங்கியவர்களில் பலர் வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள். போரின் உடையையே போருக்கு எதிரான அடையாளமாக்கினார்கள். கடைச் சரக்கின் அகலம் போதாதவர்கள் சாதாரண ஜீன்ஸின் பக்கத் தையலை முழங்கால்வரை பிரித்து, முக்கோணத் துண்டொன்றை இடையில் வைத்துத் தைத்தார்கள். பழைய திரைச்சீலை, பூப்போட்ட பருத்தி, எது கிடைத்ததோ அது. ஒருவருடையதைப்போல் இன்னொருவருடையது இருக்காது. பெல்பாட்டத்தின் நல்ல காலம் அதுதான் என்பேன்.

வெட்டும் நல்ல வெட்டு. தொடையில் ஒட்டி, முழங்காலிலிருந்து விரியும்போது இடுப்பும் தொடையும் ஒடுங்கித் தெரிகின்றன. விளிம்பு காலணியை மூடித் தரைக்குச் சற்று மேலே நின்றால் கால் நீண்டு தெரிகிறது. இந்தக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் திறந்த கேப் கடை லீவைஸ் ஜீன்ஸையும் இசைத்தட்டையும் சேர்த்து விற்றது. அங்கே இருபாலரும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்தார்கள். கால்சட்டை அணிந்த பெண்ணை உள்ளே விட மறுத்த உணவகங்கள் அமெரிக்காவில் இருந்த காலம் அது என்பதை மறந்துவிட்டு இதை எடைபோட முடியாது.

இந்த உடை எவ்வளவு ஆழமாகத் தொட்டது என்பதற்கு ஆப்பிரிக்க நாடான மலாவி சாட்சி. ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் அரசு 1973-இல் கொண்டுவந்த உடைச் சட்டம் பெண்களுக்குக் கால்சட்டையையே தடுத்தது. ஆண்களுக்கு பெல்பாட்டத்தைத் தடுத்தது. எது பெல்பாட்டம் என்பதற்கு இலக்கணமும் வகுத்தது: காலின் மிகக் குறுகிய சுற்றளவைப்போல் ஐந்தில் ஆறு பங்குக்கு மேல் அடிச்சுற்று இருந்தால் குற்றம். முழங்காலில் 15 அங்குலம் என்றால் அடியில் 18-க்கு மேல் போகக்கூடாது. மூன்று அங்குலத் துணிக்கு ஓர் அரசு பயந்தது.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மழையில் சேற்றை உறிஞ்சும். சைக்கிள் சங்கிலியில் சிக்கும். காலணியைச் சார்ந்தே நிற்கும்: விளிம்பு அகல அகல அதைத் தூக்கிப் பிடிக்கக் குதிகால் உயர வேண்டும், குதிகால் உயர்ந்தால் நடை கெடும். 1970களின் நடுவில் தயாரிப்பாளர்கள் அகலத்தில் போட்டி போட்டார்கள். எலிஃபன்ட் பெல் என்று விற்ற கால்சட்டைகளில் பாதமே தெரியவில்லை. அளவுக்கும் உடலுக்கும் இருந்த உறவு அங்கே அறுந்தது. கூடவே பாலியெஸ்டர் வந்தது. கசங்காது, மடிப்பு கலையாது, விரிவு அப்படியே தொங்கும். ஆனால் வியர்வை வெளியேறாது. 1977-இல் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஜான் டிரவோல்டா அணிந்த வெள்ளை சூட் இந்தக் கட்டத்தின் உச்சம். எல்லார் காலிலும் ஒரே அச்சு.

தமிழ்நாட்டுக்கு அது சினிமா வழியாக வந்தது. 1979-இன் 'நினைத்தாலே இனிக்கும்' படம் வெளியானபோது கல்லூரி வாசல்களில் அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. போர் எதிர்ப்பு இங்கே வந்து சேரவில்லை. ஆண் பெண் சமத்துவமும் வரவில்லை. திரை நாயகிகளைத் தாண்டி மிகச் சில பெண்களே அணிந்தார்கள். இந்த இழப்பு சிறியதல்ல. நம் வெயிலுக்கு டெரிலின் என்ற பாலியெஸ்டர் துணி பொருந்தவும் இல்லை. ஆனாலும் கைவேலை இங்கே உயிரோடு இருந்தது. எத்தனை அங்குலம் என்பதை உடுத்துகிறவரும் தையல்காரரும் பேசி முடிவு செய்தார்கள். தரையில் உரசிக் கிழியாமலிருக்க அடிவிளிம்பில் ஜிப் பட்டையைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார்கள். மேலைநாட்டுப் பெருநிறுவனங்கள் தீர்க்காத சிக்கலைத் தெருமுனைத் தையல் கடை தீர்த்தது! அந்தப் பட்டையைப் பற்றி உடை வரலாற்று நூல்கள் எழுதியிருக்க வேண்டும்.

1976-இல் லண்டனில் பங்க் இசையைச் சேர்ந்த இளைஞர்கள் பெல்பாட்டத்தை வெறுத்து ஒதுக்கினார்கள். கடையில் நேர்க்கால் கிடைப்பதே அரிதாக இருந்ததால், பலர் இருந்ததைப் பிரித்துக் குறுக்கித் தைத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் போரை எதிர்த்த ஹிப்பிகள் செய்ததும் அதே வேலைதான், திசை மட்டும் எதிர். 1989-90-இல் மான்செஸ்டரில் ஸ்டோன் ரோசஸ், ஹாப்பி மண்டேஸ் இசைக்குழுக்களின் ரசிகர்கள் அகன்ற காலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அது நீடிக்கவில்லை.

இன்று கடைகளில் தொங்கும், அடி சற்றே விரிந்த பூட்கட் கால்சட்டை பெரும்பாலும் பண்டாவின் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதைவிட அகன்றவை பெண்கள் பகுதியில் கிடைக்கின்றன, நீளும் இழை கலந்த துணியில். அவை உடலுக்கு இதமானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயரமானவர்களை மனதில் வைத்து வெட்டியவை. நீளம் அதிகமென்று அடியில் மூன்று அங்குலம் வெட்டினால் போவது எந்த அகலத்துக்காக வாங்கினோமோ அந்த அகலம். உயரம் குறைந்தவருக்கு முழங்கால் கோட்டையே மேலே ஏற்றி, அங்கிருந்து விரிவைத் தொடங்க வேண்டும். தைத்து முடிந்த துணியில் அதைச் செய்ய முடியாது. அளவெடுத்து வெட்டும் மேசையில்தான் முடியும்.